ஆறு மாதம் வரை அந்தக் குழந்தையைக் காத்தது யார்?

பாட்டியின் தோளில் சாய்ந்து கிடந்தது அந்த எட்டு மாதக் குழந்தை. அழவில்லை. எட்டு மாதக் குழந்தை புது இடத்துக்கு வந்து, தாடி வைத்த ஒரு ஆளைப் பார்த்தும் அழாமல் இருந்தால், 'சமர்த்து' என்று பெற்றவர்கள் பெருமைப்படுவார்கள். வைத்தியன் கவலைப்படுவான்.

கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணிபோல வெளுத்திருந்தது. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். வயிற்றைத் தொட்டால், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது.

"பொறந்தப்போ ரோஜாப்பூ மாதிரி இருந்தா ஐயா. ஆறு மாசம் வரைக்கும் ஒரு குறை கிடையாது. இந்த ரெண்டு மாசமாத்தான் இப்படி வாடிப் போறா. எந்தக் கண்ணு பட்டுச்சோ! இரும்புச் செந்தூரம் ஏதாச்சும் கொடுத்தீங்கன்னா..." என்றார் பாட்டி.

நான் செந்தூர டப்பாவைத் திறக்கவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் என்றால் திறந்திருப்பேன். திறந்தும் இருக்கிறேன். அப்போது இதே மாதிரி வெளுத்த ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வெளுப்பு என்றால் பாண்டு. பாண்டு என்றால் இரும்புச் சத்து. படித்த பாடம் அப்படித்தான் நாக்கில் வந்தது. ஆறு வாரம் அன்னபேதிச் செந்தூரம் கொடுத்தேன். நிறம் ஏறவில்லை. வயிறுதான் பெரிதானது. பிறகு ஒரு குழந்தை மருத்துவர் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, "இவனுக்கு இரும்பு குறைவில்லை ஐயா, கூடுதலாகிக் கொண்டிருக்கிறது" என்று சொன்னபோது, எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பெண் குழந்தைக்கு முடிவு வந்தது. பீட்டா தலசீமியா, கடுமையான வகை. தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பழுதான ஜீன் ஒவ்வொன்று வந்து சேர்ந்த பிறவி நோய். விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி ஒரு கேள்வி கேட்டார்:

"பொறப்புலயே இருக்கிற நோய்னா, ஆறு மாசம் எப்படி ஐயா நல்லா இருந்தா?"

நியாயமான கேள்வி! இதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பினால், மருத்துவர்கள் ஏதோ மழுப்புகிறார்கள், கண்ணேறுதான் உண்மை என்று அந்தக் குடும்பம் முடிவு கட்டிவிடும். மாதாமாதம் ஏற்ற வேண்டிய ரத்தத்தை நடுவில் நிறுத்திவிடும். ஆகவே பதில் தெரிந்தாக வேண்டும். அந்தப் பதில் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில்தான் முழுசாகக் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும், கூடவே வாருங்கள்.

நமக்கு இரண்டு ரத்தம்

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்பது உங்களுக்குத் தெரியும். நுரையீரலில் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு போய் உடம்பு முழுக்க இறக்கும் வண்டி அது. அந்த வண்டிக்கு நான்கு சக்கரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு ஆல்ஃபா சக்கரம், இரண்டு பீட்டா சக்கரம். கருவில் இருக்கும் குழந்தைக்கு இரண்டு ஆல்ஃபா, இரண்டு காமா.

ஏன் இந்த வித்தியாசம்? வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூச்சு இல்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் பிராண வாயுவை வாங்க வேண்டும். தாயின் ஹீமோகுளோபினைவிடக் கொஞ்சம் கூடுதல் பிடிமானம் இருந்தால்தானே வாங்க முடியும்? காமா சக்கரம் போட்ட வண்டிக்கு அந்தப் பிடிமானம் உண்டு.

பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் இந்தக் கருக்கால வகைதான். பிறகு, அந்தச் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து ஒவ்வொன்றாகப் போகப் போக, புதிதாக வருகிறவை பீட்டா சக்கரத்தோடு வருகின்றன. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் கருக்கால வகை ஒன்றிரண்டு சதவிகிதத்துக்கு இறங்கிவிடுகிறது.

இப்போது பாட்டிக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அந்தக் குழந்தைக்குப் பழுது பீட்டாவில்தான். காமா நன்றாக ஓடிக்கொண்டிருந்த வரை பீட்டா இல்லாத குறை தெரியவில்லை. காமா ஓய்வு பெற்று, பீட்டா வேலைக்கு வர வேண்டிய நாளில்தான், 'அந்த ஆள் வரவே மாட்டான்' என்று தெரிகிறது.

இதே கதைதான் சிக்கிள் செல் என்னும் அரிவாள் அணு நோயிலும். அங்கே பீட்டா வருகிறது. ஆனால் ஒரே ஒரு எழுத்துப் பிழையோடு வருகிறது. அணு அரிவாள்போல வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழந்தைகளும் பிறந்து சில மாதங்கள் நன்றாகவே இருக்கின்றன. காரணம் கருக்கால ஹீமோகுளோபினாக இருக்க வேண்டும் என்று 1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் எழுதினார். அது எங்கோ ஆப்பிரிக்கா, அமெரிக்கா சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1952-ல் நம் நீலகிரி மலையில் பழங்குடி மக்களிடம் இந்த அணுக் குறை இருப்பதை லேமான், கட்புஷ் என்ற இருவர் கண்டு எழுதினார்கள்.

சரி, மீதிப் பாதிக் கேள்வி: காமாவுக்கு ஓய்வு கொடுப்பது யார்? 'இன்னும் இல்லை, கொஞ்சம் பொறு' என்று பிறக்கும்வரை அதை நிறுத்தி வைத்தது யார்?

உறைமோர் ரகசியம்

நம் உடம்பில் ஒரு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 120 நாள். இத்தனையும் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு சிறு கூட்டத்திலிருந்து வருகின்றன. அதற்குப் பெயர் ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறார்கள், நல்ல பெயர்.

ஸ்டெம் செல்லுக்கு வீட்டில் உள்ள உவமை உறைமோர். ராத்திரி பாலில் ஒரு கரண்டி விட்டால் காலையில் ஒரு பாத்திரம் தயிர். அதில் ஒரு கரண்டியை நாளைக்கு என்று எடுத்து வைக்கிறாள் இல்லத்தரசி. எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிட்டுவிட்டால் நாளைக்கு உறை கிடையாது. 'உறைக்கு வேண்டும்' என்று தொடாமலே வைத்தால் இன்றைக்கு மோர்சாதம் கிடையாது. ஸ்டெம் செல்லின் பாடும் இதுதான். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் ஒரு தீர்மானம்: நான் உறையாகவே இருக்கட்டுமா, தயிராகட்டுமா? தயிராவது என்றால் எந்தத் தயிர்: சிவப்பணுவா, வெள்ளணுவா, தட்டணுவா? அதிலும் கருக்கால வகையா, பெரியவர் வகையா?

இந்தத் தீர்மானத்தைத்தான் ஸ்டெம் செல்லின் தலைவிதி என்கிறார்கள் விஞ்ஞானிகள். தலைவிதி என்றால் நாம் பிரம்மா எழுதினார் என்போம். அவர்கள் ரொம்ப நாள் 'ஜீன் எழுதியது' என்றார்கள். எந்த ஜீன் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பார்த்தால் போதும், செல்லின் எதிர்காலம் தெரிந்துவிடும் என்பது எண்ணம். அது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் நம் கதை இருக்கிறது.

உக்கிராண அறையில் ஒரு ஆள்

கல்யாண வீட்டைக் கண்முன் கொண்டுவாருங்கள். சமையல் கணக்கெல்லாம் எழுதிய பெரிய நோட்டு ஒன்று. அதை யாரும் அடுப்படிக்குக் கொண்டுபோக மாட்டார்கள், எண்ணெய் பட்டுவிடும். வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். சீட்டைப் பார்த்துச் சமையல்காரர் சமைப்பார்.

செல்லிலும் அப்படியே. பெரிய நோட்டுதான் டி.என்.ஏ. அது செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. துண்டுச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சமைத்து வரும் பண்டம் புரதம். நோட்டு, சீட்டு, சமையல்: பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதோடு முடித்துவிடுவார்கள்.

ஆனால் கல்யாண வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டோமே! உக்கிராண அறையில் சாவியோடு உட்கார்ந்திருப்பாரே, அவர். சீட்டு நேராக அடுப்புக்குப் போய்விடாது. அவர் கையைக் கடந்துதான் போக வேண்டும். 'இதை இப்பவே போடு' என்பார். 'இது நாளைக்கு முகூர்த்தச் சாப்பாட்டுக்கு' என்று இன்னொன்றை மடியில் செருகிக்கொள்வார். வேண்டாத சீட்டைக் கிழித்தும் போடுவார். எழுதியது எழுதியபடி இருக்கும். ஆனால் இலையில் எது விழுகிறது என்பது அவர் கையில்!

செல்லுக்குள் இந்த வேலை செய்யும் ஆட்களுக்குத்தான் ஆர்.என்.ஏ.யைப் பற்றும் புரதங்கள் என்று பெயர். மனித செல்லில் இவர்கள் 1,500 பேருக்கு மேல். சீட்டின் ஓரத்தில் உள்ள சில எழுத்துக்களை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறார்கள். சிலரை ஆள வைக்கிறார்கள், சிலரை அழிய வைக்கிறார்கள்.

ஸ்டெம் செல்லில் இவர்களுக்கு மவுசு அதிகம். காரணம் இருக்கிறது. ரத்த ஸ்டெம் செல் அடுப்பை எப்போதும் சிறு தணலில்தான் வைத்திருக்கும். மற்ற ரத்த செல்களைவிட அது குறைவாகவே புரதம் சமைக்கிறது என்று 2014-ல் எலிகளில் அளந்து காட்டினார்கள். தணலைக் கூட்டினாலும் கெடுகிறது, குறைத்தாலும் கெடுகிறது. பல சீட்டுகள் தயாராக எழுதி வைக்கப்பட்டிருக்கும். நேரம் வந்ததும் நோட்டைத் தேடிப் போகாமல் உடனே சமைக்கலாம். அதுவரை சீட்டைப் பத்திரமாகப் பிடித்து வைக்க ஆள் வேண்டுமே!

இவர்களில் ஒருவருக்கு ஜப்பானிய வாள் வீரர் மியாமோட்டோ முசாஷியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த வீரர் இரண்டு கையிலும் வாள் பிடித்தவர். இந்தப் புரதம் பழுதான ஈயின் உடம்பில் ஒரு மயிர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முளைத்தது. அதனால் 1994-ல் 'முசாஷி' என்று பெயர் சூட்டினார்கள். விஞ்ஞானிகளுக்கும் ரசனை உண்டு. அதன் உறவுக்காரப் புரதமான முசாஷி-2 அளவுக்கு மீறினால் ரத்தப் புற்றுநோய் கடுமையாகிறது என்று 2010-ல் தெரியவந்தது. உக்கிராணக்காரர் கெட்டால் கல்யாணமே கெடும்.

வகுப்பைத் தாண்டிக் குதித்த புழு

நம் குழந்தையைக் காத்த ஆளின் பெயர் லின்-28 பி. இவரை முதலில் கண்டுபிடித்தது மனித உடம்பில் அல்ல. மண்ணில் வாழும், ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில்.

அந்தப் புழு நான்கு இளம் பருவங்களைத் தாண்டித்தான் முழுப் புழு ஆகும். 1984-ல் அமெரிக்காவில் விக்டர் ஆம்புரோஸ், ராபர்ட் ஹார்விட்ஸ் இருவரும் வளர்ச்சியின் நேரம் தவறிய புழுக்களைப் பற்றி எழுதினார்கள். அதில் லின்-28 என்னும் ஜீன் கெட்ட புழுக்கள், இரண்டாம் வகுப்பு படிக்காமலே மூன்றாம் வகுப்புக்குத் தாவுகிற பிள்ளைபோல, இரண்டாம் பருவத்து வேலைகளைச் செய்யாமலே அடுத்த பருவத்துக்குப் போயின. அப்படியென்றால் லின்-28-ன் வேலை என்ன? 'அவசரப்படாதே, இந்த வயசுக்கு உள்ளதை முடி' என்று பிடித்து நிறுத்துவது. அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.யைப் பற்றக்கூடியது என்று 1997-ல் தெரிந்தது.

புழுவின் பருவத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இந்த வழியில்தான், லின்-4 என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று 1993-ல் அகப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற புது இனத்தில் முதல் பிள்ளை அது. அதற்காக ஆம்புரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. 'புழுவை எண்ணிக்கொண்டிருக்கிறான் பார்' என்று யாரையும் சிரிக்காதீர்கள்!

மனிதரில் லின்-28 குடும்பத்தில் ஏ, பி என்று இருவர். செல்லை இளமையில் பிடித்து வைப்பதே இவர்கள் தொழில். 2007-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் சாதாரண மனித செல்லைக் கரு நிலைக்குத் திருப்பியபோது, உபயோகித்த நான்கு சரக்குகளில் ஒன்று லின்-28.

கருவில் இருக்கும் சிசுவுக்கு ரத்தம் முக்கியமாகக் கல்லீரலில் தயாராகிறது. பிறகுதான் எலும்பு மஜ்ஜைக்குக் குடி மாறுகிறது. கல்லீரலில் உள்ள ரத்த ஸ்டெம் செல்களில் லின்-28 பி நிறைய இருக்கும். பெரியவர்களின் மஜ்ஜையில் பார்த்தால் காணோம். சரி, வளர்ந்த எலியின் மஜ்ஜைச் செல்லில் அதைத் திரும்ப வைத்தால்? 2012-ல் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் கருக்காலத்து வகை வெள்ளணுக்களை உண்டாக்கின! நோட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சீட்டுகளைப் பிடிக்கும் ஆள் மட்டும் மாறினார். செல்லின் தலைவிதி மாறிவிட்டது.

இனி காமாவுக்கு வருவோம். காமாவின் ஜீனை மூடுகிற பூட்டு ஒன்று இருக்கிறது. பி.சி.எல். 11 ஏ என்பது அதன் பெயர். அதுவும் ஒரு புரதம்தான். 2008-ல் கண்டுபிடித்தார்கள். அது இருந்தால் காமா மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் திறந்திருக்கும். பிறந்த குழந்தையில் இந்தப் பூட்டு குறைவு, பெரியவர்களில் அதிகம். அதனால் குழந்தையில் இந்த ஜீனே தூங்குகிறது என்றுதானே நாம் நினைப்போம்? பாஸ்டனில் விஜய் சங்கரனின் குழுவினர் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. குழந்தையின் செல்லிலும் பி.சி.எல். 11 ஏ-யின் சீட்டு எழுதப்பட்டுத் தயாராகவே இருந்தது. சமையல்தான் நடக்கவில்லை. சீட்டை லின்-28 பி பிடித்துக்கொண்டிருந்தது! 2020-ல் இது வெளியானது.

கணக்கைக் கோத்துப் பாருங்கள். கருவில் லின்-28 பி காவல் இருக்கிறது. பூட்டுக்கான சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பூட்டு தயாராகவில்லை, காமா திறந்திருக்கிறது. பிறப்பை ஒட்டி லின்-28 பி படிப்படியாக விலகுகிறது. சீட்டு அடுப்புக்குப் போகிறது. பூட்டு வருகிறது. காமா மூடுகிறது. பீட்டா தோளில் முழுச் சுமையும் விழுகிறது.

பாட்டிக்கு நான் சொன்னது இதில் கால் பங்குதான். "உள்ளே ஒரு காவல்காரன் இருந்தான் பாட்டி. ஆறு மாசம் வரைக்கும் அவன் புண்ணியம். அவன் போறது எல்லாக் குழந்தைக்கும் நடக்கிறதுதான். மத்தக் குழந்தைக்கு அடுத்த ஆள் வந்துடுவான், இவளுக்கு வரலை." பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கண்ணேறு இல்லை" என்றார். இல்லை பாட்டி.

அந்தக் காவல்காரனைத் திரும்பக் கூப்பிட முடியாதா?

முடிந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் லின்-28 பி ஒரு சீட்டை மட்டும் பிடிப்பதில்லை, நூற்றுக்கணக்கில் பிடிக்கும். செல்லை இளமையிலேயே நிறுத்தி வைக்கும் ஆள், போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்தால் அது புற்றுநோய்க்கு வழி. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் கட்டியில் இவர் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எனவே ஆளைக் கூப்பிடாமல் பூட்டின்மேல் கை வைத்தார்கள்.

நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, கிரிஸ்பர் என்னும் மூலக்கூறுக் கத்தரியால், சிவப்பணு வம்சத்தில் மட்டும் அந்தப் பூட்டைச் செய்யத் தூண்டும் இடத்தை வெட்டிவிட்டுத் திரும்ப ஏற்றுகிறார்கள். காமா மறுபடி திறக்கிறது. காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டியதுதான். விலையைத் தவிர, பழைய மஜ்ஜையைக் காலி செய்யக் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும், அதுவும் விளையாட்டல்ல. சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை பல வருடங்களாக இருக்கிறது. அதுவும் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் பயன் தருகிறது, விலையும் மலிவு. ஆனால் மருத்துவர் ரத்த எண்ணிக்கை பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

"உங்கள் சித்த மருத்துவத்தில் இதெல்லாம் அன்றே சொல்லியிருக்கிறதா?" என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று ஏழு உடற்கட்டுகளை எங்களுக்குப் பாடம் சொன்னார்கள். அங்கே மூளை என்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. ஒன்றிலிருந்து ஒன்று விளைகிறது என்ற எண்ணம் அழகானது. ஆனால் அதில் ஆர்.என்.ஏ. இல்லை. இருக்கிறது என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும்; நோயாளிக்கு என்ன கிடைக்கும்? என் செந்தூரத்துக்கு இரும்புக் குறையால் வந்த சோகையில் இடம் உண்டு. தலசீமியாவில் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு இரும்பை வெளியே தள்ளத் தெரியாது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் தானாகக் கழியும். ஏற்றுகிற ஒரு பாட்டில் ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாததற்கு இந்த நோயில் குடலும் உணவிலிருந்து கூடுதலாக இரும்பை உறிஞ்சுகிறது. அத்தனையும் இதயத்திலும் கல்லீரலிலும் போய் உட்காரும். அதை வெளியேற்றவே தனியாக மருந்து கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இரும்பு டானிக், செந்தூரம், லேகியம் என்று பாசத்தோடு ஊட்டினால் அது எரிகிற வீட்டில் எண்ணெய். எனவே, வெளுத்த குழந்தைக்கு யார் இரும்பு கொடுத்தாலும், நான் கொடுத்தாலும், 'சார், இரும்புக் குறைதானா, பரிசோதனை செய்து பார்த்தீங்களா?' என்று தைரியமாகக் கேளுங்கள். ஃபெரிட்டின், ஹெச்.பி.எல்.சி. என்று இரண்டு பரிசோதனைகள். அந்தப் பெண் குழந்தைக்கு ஹெச்.பி.எல்.சி.யில் கருக்கால ஹீமோகுளோபின்தான் மிகுதியாகத் தெரிந்தது. காமாவை விடாமல் வைத்திருந்த கொஞ்சம் அணுக்கள்தான் பிழைத்துக் கிடந்தன, அவை போதவில்லை.

ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். மூட்டுவலியிலிருந்து மூளை வளர்ச்சிக் குறைவு வரை ஒரே ஊசி என்கிறார்கள். ஸ்டெம் செல் பவுடர் என்று டப்பாவில்கூட விற்கிறார்கள். ஒரே ஒரு உக்கிராணக்காரர் நேரம் தவறினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்தோம். எந்தச் சீட்டை யார் பிடிக்கிறார் என்றே தெரியாமல் செல்லை ஊசியில் ஏற்றுவது என்ன வைத்தியம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட விதிமுறைகளில், குறிப்பிட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத்தான் ஏற்கப்பட்ட சிகிச்சை என்று வைத்திருந்தார்கள். தலசீமியாவுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று அதில் சேர்ந்தது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு.

நாலில் ஒன்று என்ற கணக்கு இன்னொரு இடத்திலும் வரும். கணவன், மனைவி இருவருமே இந்தப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சுமப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சோகை இருக்கலாம், அவ்வளவுதான். 'எங்க வம்சத்திலேயே இல்லை' என்ற பேச்சுக்கு இங்கே அர்த்தம் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் வம்சத்தில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரண்டு பக்கமும் அதே பழுது சேர வாய்ப்புக் கூடும். ஜாதகத்தோடு ஹெச்.பி.எல்.சி. முடிவையும் பரிமாறிக்கொள்ளுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். கல்யாணம் முடிந்திருந்தாலும் கவலையில்லை. கருத்தரித்த 10-லிருந்து 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதித்துக் குழந்தையின் நிலையை அறியலாம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது அரசு மருத்துவமனையில் முறையாக ரத்தம் ஏற்றுகிறார்கள். போன மாதம் பாட்டி வந்திருந்தார், மூட்டுவலித் தைலத்துக்கு. குழந்தை என் தாடியைப் பார்த்து வீறிட்டு அழுதது. எனக்குப் பரம சந்தோஷம். தைலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பாட்டி சொன்னார்: சின்ன மகளுக்கு வரன் வந்திருக்கிறதாம், அத்தை மகன்தான். அவளுக்கு ரத்தம் பார்த்தாகிவிட்டது. அக்காளைப்போல அவளும் பழுதைச் சுமப்பவள். மாப்பிள்ளைக்கும் பார்க்க வேண்டும் என்று நாத்தனாரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் யோசனை. "நீங்க ஒரு வார்த்தை போன்ல சொல்லுங்களேன் ஐயா" என்று எண்ணை எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை எழுதி முடித்ததும் பேச வேண்டும்.